குறட்டையும் மூச்சுக் கருவியும்

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகவே நம்மில் பலர் கருதுகிறோம். ஆனால், உரத்த குறட்டை திடீரென நின்று, சில விநாடி அமைதிக்குப் பின் திணறலுடன் மீண்டும் தொடங்குமானால், அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும் இந்நோயை 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறது மருத்துவம்.

ஒவ்வொரு அடைப்பின்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது; மூளை சற்றே விழித்து மூச்சை மீட்கிறது. காலையில் நோயாளிக்கு இது எதுவும் நினைவிருப்பதில்லை. மணிக்கு 15 முறைக்கு மேல் மூச்சு தடைபட்டாலோ குறைந்தாலோ நடுத்தர பாதிப்பு. 30-ஐத் தாண்டினால் தீவிர பாதிப்பு. உயர் ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. பகலில் கண் சொக்கும் ஓட்டுநரால் சாலையில் செல்லும் பிறருக்கும் ஆபத்து.

ஒரு காலத்தில் தீவிர நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவைப்பதே உறுதியான சிகிச்சையாக இருந்தது. அந்நிலையை மாற்றியவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக மருத்துவர் காலின் சல்லிவன். மூக்கின் வழியாகக் காற்றை இடைவிடாத அழுத்தத்துடன் செலுத்தினால் மூச்சுப்பாதை மூடாமல் திறந்தே இருக்கும் என்பதை 5 நோயாளிகளிடம் கண்டறிந்து, 1981-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். அதுவே இன்றைய 'சிபேப்' கருவி.

இக்கருவி ஆக்சிஜன் தருவதில்லை. அறையின் காற்றையே உள்ளிழுத்து, குழாய் வழியாக முகக்கவசத்துக்கு அனுப்புகிறது. மருந்தைப்போல நோயைக் குணப்படுத்துவதுமில்லை. மூக்குக்கண்ணாடியை அணிந்திருக்கும்வரைதான் பார்வை தெளிவு. கருவியை அணிந்து உறங்கும்வரைதான் மூச்சும் சீர்.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. பெரும் பணம் கொடுத்து வாங்கப்படும் கருவிகள் பல, சில வாரங்களில் அலமாரிக்குள் அடைக்கலமாகின்றன. அதற்கு நோயாளியின் சோம்பல் மட்டுமே காரணமன்று. பொருந்தாத கவசத்தில் காற்று கசியும், கண் எரியும், மூக்கு வறளும். கவசத்தின் அளவை மாற்றுவது, காற்றை ஈரப்படுத்தும் அமைப்பைச் சேர்ப்பது, அழுத்தத்தை மருத்துவர் திருத்துவது என இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வுண்டு. கேட்கவும் சொல்லவும் ஆளில்லாததே குறை.

ஆகவே, உறக்கப் பரிசோதனையுடனும் கருவி விற்பனையுடனும் சிகிச்சை முடிந்துவிடக் கூடாது. முதல் சில வாரங்களில் நோயாளியை மீண்டும் அழைத்து, கருவியில் பதிவாகும் பயன்பாட்டு நேரத்தைப் பார்த்து, இடர்ப்பாடுகளைக் களைவதையும் மருத்துவமனைகள் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ள வேண்டும். வீட்டில் இருப்போரின் பங்கும் பெரிது. மூச்சு நிற்பதை முதலில் அறிபவர்கள் அவர்களே. கேலி செய்வதை விடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.