முதியோர் பெயரில் வரும் இணையக் கட்டணப் பிழைகளை மறுக்கும் முறை

சங்கத்தில் நூல் பெறும் நெசவாளர் எடையைப் பாராமல் கையெழுத்திடுவதில்லை. விளைபொருளைக் கொண்டுவரும் விவசாயியும் தராசு முள்ளைக் கவனியாமல் சீட்டு வாங்குவதில்லை. ஆனால் இணையச் சேவைக்கான பில் வந்தால் மட்டும், அதைப் படித்துப் பாராமலே பணம் செலுத்திவிடுவோர் நம்மில் பலர். இணைப்பு வயது முதிர்ந்த தாய் தந்தையர் அல்லது அத்தை, மாமா பெயரில் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. எழுத்துப் பொடியாக இருப்பதால் அவர்களால் படிக்க முடிவதில்லை. கேள்வி கேட்டால் பிள்ளைகளுக்குத் தொந்தரவாகும் என்று எண்ணி வாய் திறவாமல் கட்டிவிடுகின்றனர்.

இவ்விதம் இழக்கும் தொகை சிறிதன்று. மாத வாடகை 500 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 18 சதவீத சரக்கு, சேவை வரி சேர்ந்து 590 ரூபாய் ஆகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்ட இணைப்புக்கு ஏழு மாதம் கட்டினால் 4,130 ரூபாய் போய்விடும். தறியில் உழைத்து ஈட்டிய பணத்தை இப்படி விட்டுவிடலாகாது.

பிழை எது, பிழையல்லாதது எது?

புகார் செய்யுமுன் பில்லை வரி வரியாகப் படித்தல் வேண்டும். இணைப்பைத் துண்டிக்கக் கோரிய பின்னும் வாடகை விதித்தல், கேளாத திரைப்படச் சேவைகளைச் சேர்த்தல், சம்மதமின்றி உயர்ந்த திட்டத்திற்கு மாற்றுதல், திருப்பிக் கொடுத்த மோடத்திற்கு விலை கேட்டல் ஆகியவை அடிக்கடி காணப்படும் பிழைகள். ஆனால் முதல் சில மாதங்களுக்குச் சலுகைக் கட்டணம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, பின்னர் முழுக் கட்டணம் விதித்தால் அது பிழையன்று. ஆகவே இணைப்புப் பெற்றபோது தந்த திட்ட விவரத்தையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே புகாரில் இறங்குவது முறை.

அதிகாரக் கடிதம்

உறவினர்கள் பலர் தடுமாறும் இடம் இதுவே. சந்தாதாரர் முதியவர், பேசுபவர் மகனோ மருமகளோ. நிறுவனத்தார், "சந்தாதாரரைத் தவிர வேறு எவருக்கும் கணக்கு விவரம் சொல்ல இயலாது" என்பர். அதற்காக முதியவரைப்போல் நடித்துப் பேசுதல் தகாது. உரிமை முதியவருடையது, நாம் அவருக்காகப் பேசுபவர் மட்டுமே. அதற்குக் கீழ்க்கண்டவாறு ஒரு கடிதம் போதும்:

"இந்தக் கணக்கு எண்ணுக்குரிய இணைப்பின் சந்தாதாரர் நான். இன்ன தேதியிட்ட பில்லில் இன்ன தொகை தவறாக விதிக்கப்பட்டுள்ளது. இது சம்பந்தமாக என் சார்பில் பேசவும் எழுதவும் என் மகனுக்கு அதிகாரம் அளிக்கிறேன்."

கையொப்பம் அல்லது கைநாட்டு, தேதி, இரு சாட்சிகள் இருத்தல் நலம். முதியவருக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் பெற வேண்டும். நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைப் பில்லிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடினால் மோசடிக்காரர்களின் எண்ணும் அகப்படக்கூடும். பணம் திருப்பித் தருவதாகக் கூறி ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்பவருக்கு அதை ஒருபோதும் சொல்லலாகாது.

புகாரின் படிகள்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் வகுத்த விதிகளின்படி, புகார் இரு படிகளாகச் செல்லும். முதற்படி நிறுவனத்தின் புகார் மையம். அங்கு புகாரைப் பதிவு செய்ததும் ஓர் எண் தருவர். அந்த எண், தேதி, தீர்வு காணும் கெடு ஆகிய மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். புகார் எண் இல்லாத தொலைபேசிப் பேச்சு, ரசீது இல்லாத கொடுக்கல் வாங்கலுக்குச் சமம்.

கெடு கடந்தும் தீர்வு கிடைக்காவிடினும், கிடைத்த தீர்வில் திருப்தி இல்லாவிடினும், 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. அவர் 39 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். ஒழுங்குமுறை ஆணையம் தனிப்பட்டவர் புகாரைத் தானே விசாரித்துத் தீர்ப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்க.

இதற்கிடையே கோபத்தில் பில் முழுவதையும் கட்டாமல் நிறுத்துவது நல்லதன்று. ஒப்புக்கொள்ளும் தொகை இவ்வளவு, மறுக்கும் தொகை இவ்வளவு என்று எழுத்தில் தெரிவித்து, ஒப்புக்கொள்ளும் தொகையைக் கெடுவுக்குள் செலுத்துதல் உத்தமம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் ஏற்பாடு இருப்பின், வங்கிக்கும் எழுதி அதை ரத்து செய்ய வேண்டும். இல்லையேல் புகார் நடக்கும்போதே பணம் போய்க்கொண்டிருக்கும்.

நுகர்வோர் ஆணையம்

நிறுவனம் அசையாவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. தொலைபேசி பில் தகராறுகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் கூறியிருந்தது. 2022 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பில், விசாரிக்கலாம் என்று அது தெளிவாக்கிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தொலைத்தொடர்பைச் சேவை என்றே வெளிப்படையாகக் குறிக்கிறது.

இச்சட்டத்தால் முதியோருக்கு முக்கியமான வசதி ஒன்று உண்டு. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. எழுத்து மூலம் அதிகாரம் பெற்றவர் அவர் சார்பில் தோன்றலாம். ஆனால் தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கது

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு வையுங்கள். பில்கள், ரசீதுகள், அதிகாரக் கடிதம், புகார் எண்கள், மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கான ஒப்புகை ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். நன்றாகக் கணக்கு வைக்கும் சங்கத்தில் தணிக்கையாளர் வந்தாலும் அச்சம் இல்லை. அதைப்போலவே, கோப்பு ஒழுங்காக உள்ள வீட்டாருக்கு எந்த நிறுவனத்தின் முன்னும் தயக்கம் இல்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தவறான பில் வந்ததை அறிந்ததும், "ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று பெரியவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தக் கடுஞ்சொல்லுக்கு அஞ்சியே அடுத்த பிழையையும் அவர்கள் மறைப்பார்கள். மாதம் ஒரு நாள் அவர்கள் அருகில் அமர்ந்து பில்லைப் படித்துக் காட்டுங்கள். பிழை முதல் மாதத்திலேயே வெளிப்பட்டுவிட்டால், மேலே சொன்ன படிகளில் பெரும்பாலானவற்றை ஏறவேண்டிய அவசியமே இராது.