நாள்காட்டி அட்டையில் ஒரு நினைவேடு

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த மூத்த மீனவர் ஒருவர், பக்கவாதம் தாக்கிய நிலையில் எங்கள் பிரிவில் சில வாரங்கள் தங்கியிருந்தார். வலக்கையும் வலக்காலும் தளர்ந்திருந்தன. பிறர் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. ஆனால் மறுமொழி சொல்ல வாய் ஒத்துழைக்கவில்லை. 'ஆமா' என்னும் ஒரு சொல்லே எஞ்சியிருந்தது. வேண்டும் என்பதற்கும் 'ஆமா', வேண்டாம் என்பதற்கும் 'ஆமா'. மூளையின் பேச்சுப் பகுதி பாதிக்கப்படும்போது சிலருக்கு இவ்வாறு நேர்வதுண்டு. மருத்துவத்தில் இதனைப் பேச்சிழப்பு என்கிறோம். அறிவு மங்கிவிட்டது என்பது இதன் பொருளன்று. சொல் வெளிவரும் வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவே.

இரண்டாம் வாரத்தில் அவர் அமைதியிழந்தார். இடக்கையைத் தூக்கிச் சன்னலைக் காட்டினார். பின்னர் மகனைக் காட்டினார். பின்னர் தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, படுக்கையைத் திருப்ப வேண்டுமா என்று நாங்கள் கேட்டோம். எல்லாவற்றுக்கும் 'ஆமா' என்றே விடை வந்தது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்தோம், அவற்றில் குறையில்லை. அவருடைய மனைவி படுக்கையின் ஓரத்தில் அமர்ந்து அழுதார்.

வழியைத் திறந்தவள் அவருடைய பேத்தி. பள்ளி விடுமுறையில் தாத்தாவைப் பார்க்க வந்த அவள், வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். அதன் தடித்த அட்டையிலிருந்து படகு, வலை, இறால், நண்டு, வீடு என்று உருவங்களை வெட்டி, தடித்த தாளில் ஒட்டி, அருகே குடும்பத்தார் ஒவ்வொருவரின் நிழற்படத்தையும் வைத்தாள். மருத்துவமனையில் கழியும் நாள்களைத் தாத்தா அறிந்துகொள்ளட்டும் என்று, அந்த நாள்காட்டியின் தேதித் தாள்களையும் கடைசிப் பக்கத்தில் வரிசையாக ஒட்டியிருந்தாள்.

பெரியவர் ஏட்டைப் புரட்டினார். வலையின்மேல் விரலை வைத்தார். "வலையா தாத்தா?" என்றாள் பேத்தி. அவர் விரலை எடுத்து மகனின் படத்தின்மேல் வைத்தார். பிறகு கடைசிப் பக்கத்துக்குச் சென்று, வரவிருந்த ஒரு தேதியை மும்முறை தட்டினார். மகன் எழுந்து நின்றுவிட்டார். "அப்பா, அன்னைக்கு நம்ம பாடா?" "ஆமா." இம்முறை அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது.

பழவேற்காட்டு ஏரியை அறியாத வாசகர்களுக்கு இதனைச் சற்று விளக்க வேண்டும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. இறால் கிடைக்கும் நல்ல இடங்கள் எல்லாருக்கும் எப்போதும் போதா. ஆகவே எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாடு இங்குள்ள மீனவரிடையே தலைமுறைகளாக இருந்துவருகிறது. முறை வந்த நாளில் வலையிடாவிட்டால் அன்றைய வருவாய் போயிற்று. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக மகன் அலைந்துகொண்டிருந்த நாள்களில், தந்தை படுக்கையில் கிடந்தவாறே அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருந்தார். மகன் அன்று ஏரிக்குச் சென்றார். மறுநாள் திரும்பி வந்தார். பெரியவரின் உறக்கமும் திரும்பியது.

அன்றுமுதல், அட்டையால் செய்யும் நினைவேட்டை வெறும் பொழுதுபோக்காக நாங்கள் கருதுவதில்லை. நோய் ஒருவரைப் படுக்கை எண்ணாகவும் மருத்துவச் சீட்டாகவும் சுருக்கிவிடுகிறது. அவர் இன்ன ஊரார், இன்ன தொழிலார், இன்னாருக்குத் தந்தை என்பதை அவருக்கும் எங்களுக்கும் நினைவூட்ட ஓர் ஏடு போதும். அதனை உங்கள் கையாலேயே செய்துகொள்ளலாம்.

எந்த அட்டை?

மேலைநாடுகளில் நினைவேடு செய்வோர் 'சிப்போர்டு' என்று ஒரு பொருளை வாங்குகிறார்கள். பழைய தாளைக் கூழாக்கி அழுத்திச் செய்யப்படும் சாம்பல் நிற அட்டையே அது. எழுத்து, பூ, சட்டம், பறவை என்று அழகிய உருவங்களாக வெட்டி விற்கப்படுகிறது. தாளைவிடத் தடிப்பாக இருப்பதால், ஒட்டிய உருவம் பக்கத்தின்மேல் மேடாக எழுந்து நிற்கும். ஒட்டேடு என்பதும் நேற்று வந்த வழக்கமன்று. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின், முன்கூட்டியே பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஒட்டேட்டுக்கு 1873ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

நமக்குக் கடைக்குப் போகும் தேவையில்லை. சிவகாசியில் அச்சாகி ஆண்டுதோறும் நம் வீடுகளுக்கு வரும் தினசரி நாள்காட்டியின் அட்டை இதற்கு மிகவும் ஏற்றது. பல நாள்காட்டிகளில் ஓரம் வளைவாக வெட்டப்பட்டு, படம் புடைத்தும் இருக்கும். ஆண்டு முடிந்ததும் பரணுக்குப் போகும் அந்த அட்டையே உங்கள் முதற்பொருள். புடவைப் பெட்டி, சட்டைக்குள் வைத்துவரும் அட்டை, நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை ஆகியவையும் பயன்படும்.

புடைத்த உருவத்துக்கு ஒரு தனிப் பயன் உண்டு. பார்வை மங்கியவர்கள் விரலால் தடவியே படகையும் மீனையும் அறியலாம். கை தளர்ந்தவர்களுக்குத் தொட்டறியும் பயிற்சியாகவும் அமையும்.

செய்யும் முறை

உருவத்தை முதலில் மெல்லிய தாளில் வரைந்து, அட்டையின்மேல் பதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய அட்டையைக் கத்தரியால் வெட்டலாம். தடித்த அட்டையை ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல், அளவுகோலை வைத்து ஒரே கோட்டில் மூன்று நான்கு முறை மென்மையாகக் கீறினால் ஓரம் சிதையாது. வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். கூடுதல் உயரம் வேண்டுமானால், ஒரே உருவத்தை இரண்டு மூன்று வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள்.

அட்டை ஈரத்தை உறிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசினால் அது வளைந்துகொள்ளும். ஆகவே இரு பக்கமும் மெல்லிய வெள்ளைப் பூச்சு ஒன்றைக் கொடுத்து உலர்த்தியபின் அக்ரிலிக் வண்ணம் தீட்டுங்கள். வெயிலில் காய வைக்காமல், நிழலில் கனமான புத்தகங்களின் அடியில் வையுங்கள்.

மலிவான அட்டையிலும் தாளிலும் உள்ள அமிலம் நாளடைவில் நிழற்படத்தை மஞ்சளாக்கும். மூலப் படத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, படியை மட்டும் ஏட்டில் வையுங்கள். படத்துக்கும் அட்டைக்கும் இடையே நல்ல வெள்ளைத் தாள் ஒன்று இருக்கட்டும்.

ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் வாழ்வோர் உப்புக் காற்றை மறக்கக் கூடாது. மைதாப் பசை ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். கரப்பான் பூச்சியையும் அழைக்கும். அதனைத் தடுக்கப் புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, நோயாளி தொட்டுப் புரட்டும் ஏட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும்.

மேலட்டைக்குப் பழைய லுங்கித் துணியைப் போர்த்தலாம். இதில் ஒரு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி வணிகம் செய்த காலத்தில், இப்பகுதித் துணி கடல் கடந்து சென்றது. கட்டம்போட்ட கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் இந்த ஊரின் பெயரே வழங்கியது. தாத்தா உடுத்திய கட்டம்போட்ட லுங்கியைவிட நல்ல மேலுறை அவருடைய ஏட்டுக்கு எங்கே கிடைக்கும்?

பேச்சிழந்தவருக்கான ஏடு

ஒரு பக்கத்தில் ஒரு பொருள் மட்டும் இருக்கட்டும். முதற்பக்கங்களில் அன்றாடத் தேவைகள்: தண்ணீர், கழிப்பறை, வலி, குளிர், உறக்கம். அடுத்துக் குடும்பத்தார் முகங்கள். அதன்பின் அவருடைய உலகம்: மீனவருக்குப் படகும் கலங்கரை விளக்கமும், பனையோலைப் பெட்டி முடையும் பெண்ணுக்கு ஓலையும் சாயமும், ஒருவருக்குக் கோயில், ஒருவருக்குப் பள்ளிவாசல், ஒருவருக்கு மாதா கோயில். ஒவ்வோர் உருவத்தின் கீழும் ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கட்டைவிரல் மேலே உயர்ந்த உருவம் ஒன்றையும், கீழே தாழ்ந்த உருவம் ஒன்றையும் 'ஆமாம்', 'இல்லை' என்பதற்காக வெட்டி வையுங்கள். வாய் தவறாகச் சொன்னாலும் விரல் சரியாகச் சொல்லக்கூடும். ஒரு கேள்வியைக் கேட்டபின் காத்திருங்கள். அடுத்த கேள்வியை உடனே அடுக்காதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு ஒரு பக்கத்துப் பொருள்கள் கவனத்தில் படுவதில்லை. ஏட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டறியுங்கள்.

மருத்துவமனைக்குள் கவனம்

அட்டை நுண்துளைகள் உள்ள பொருள். அதனைத் துடைத்துத் தூய்மை செய்ய இயலாது. ஆகவே பக்கங்களின்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளையோ அகன்ற ஒட்டுநாடாவையோ ஒட்டிவிடுங்கள். கிருமிநீக்கி நனைத்த துணியால் துடைக்கலாம். ஓர் ஏடு ஒரு நோயாளிக்கே உரியது. பக்கத்துப் படுக்கைக்குக் கொடுக்க வேண்டாம்.

புற்றுநோய் மருந்தேற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்றம் பெற்றோர் ஆகியோரின் ஏட்டில் கிளிஞ்சல், உலர்ந்த ஓலை, மணல், பறவை இறகு எதனையும் ஒட்டாதீர்கள். பனிக்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரையின் இறகு எவ்வளவு அழகாயினும், எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு அதிலுள்ள கிருமியும் பூஞ்சையும் தீங்கு செய்யலாம். பூநாரையை அட்டையில் வெட்டி இளஞ்சிவப்பு பூசினால் போதும்.

வெட்டும் வேலை முழுவதும் வீட்டிலேயே முடியட்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போருக்கும், தட்டணுக்கள் குறைந்தோருக்கும், சர்க்கரை நோயால் விரல் மரத்தோருக்கும் கத்தி கூடாது. ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் அவர்கள் பங்காகட்டும். டயாலிசிஸ் நடக்கும்போது ஊசியுள்ள கையை அசைக்க வேண்டாம். மற்றக் கையால் பக்கங்களைத் தேர்ந்தெடுத்துச் சொல்லலாம். ஆக்சிஜன் ஓடும் இடத்தருகே தெளிப்பு வண்ணமும் நெடியுள்ள பசையும் அறவே கூடாது, அவை தீப்பற்றக்கூடியவை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் எதனைக் கொண்டுவருவதாயினும் செவிலியரிடம் முதலில் கேளுங்கள்.

ஏடு என்ன செய்யும், என்ன செய்யாது?

தீவிர சிகிச்சையில் மயங்கிக் கிடந்தவருக்காகச் செவிலியரும் குடும்பத்தாரும் நாட்குறிப்பு எழுதிவைக்கும் வழக்கம் ஐரோப்பாவின் வடநாடுகளில் வேரூன்றிப் பரவியது. ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், அத்தகைய குறிப்பைப் பெற்றவர்களிடையே பின்னாளில் மன அதிர்ச்சி நோய் குறைவாகக் காணப்பட்டது. பிரான்சில் 657 நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே ஏட்டை மருந்து என்று நாங்கள் சொல்லமாட்டோம். மாத்திரையும் பயிற்சியும் செய்ய வேண்டியதை அவையே செய்யும்.

ஏடு செய்வது வேறு. நோயாளியை நோக்கி எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் உறவினருக்கு அது ஒரு கேள்வியைத் தருகிறது. விடை சொல்ல வழியில்லாதவருக்கு ஓர் இடத்தைத் தருகிறது. மகனும் மகளும் மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் நீண்ட மணிகளில் கைகளுக்கு ஒரு வேலையையும் தருகிறது.

வீடு திரும்பும் நாளில் அந்தப் பெரியவருக்கு மூன்று சொற்கள் கூடியிருந்தன: பேத்தியின் பெயர், 'தண்ணி', 'பாடு'. ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் சென்றார். கடைசிப் பக்கத்தில் இன்னும் சில தேதித் தாள்கள் ஒட்ட இடமிருந்தது. மீதியை வீட்டில் ஒட்டிக்கொள்வதாகப் பேத்தி சொன்னாள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது ஏட்டையும் மறவாமல் கொண்டுவருமாறு நாங்கள் கேட்டுக்கொண்டோம். உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறோம்.