தறியை நிறுத்திவிட்டு ஏலகிரிக்கு!

கோடை லீவு வந்தால் போதும், “அம்மா, இந்த வருஷமாவது எங்கேயாவது போகலாம்மா” என்று பிள்ளைகள் இரண்டும் என் பின்னாலேயே சுற்றும். எங்களுக்கோ காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலைத் தறி. கோர்வைக்கு ஒரு ஆள் போதாது. அவர் உடல் நெய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை எறியவேண்டும். இருவரும் கிளம்பினால் தறி நிற்கும்; கூலியும் நிற்கும்.

ஆனால் போன கோடையில் அவருக்கு இடுப்பு வலி அதிகமாகிவிட்டது. “தறிக்குழியிலேயே உட்கார்ந்திருந்தா எப்படி? மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும்” என்றார் டாக்டர். இவர் கேட்டால்தானே! பாவு அறுத்த அன்றே, “புதுப் பாவு நாலு நாள் கழிச்சு ஏத்தலாம். ஏலகிரி போறோம்” என்று சொல்லிவிட்டேன். “நாலு நாள் கூலியை உங்கப்பாவா தருவாரு?” என்றார். அத்தைதான் எனக்குப் பரிந்து, “போயிட்டு வாடா, நானும் வரேன். அறுபத்தெட்டு வயசாகுது, ஒரு மலையைக் கிட்டத்துல பாத்ததில்லை” என்றார். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

அரக்கோணத்தில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினோம். அங்கிருந்து மலைக்கு 20 கிலோமீட்டர் போல. 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பெயர் உண்டு. பாரதியார், கம்பர், ஔவையார் என்று புலவர்கள் பாதி. பாரி, ஓரி, பேகன் என்று கடையெழு வள்ளல்கள் மீதி. பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பலகைக்கும் கத்திக்கொண்டே வந்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்போனில் குனிந்திருந்த பெண் அதியமானைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள்! உடம்பு ஆடுவதைக் காது உணர்கிறது, கண் மட்டும் அசையாத ஒன்றைப் பார்க்கிறது. அந்த முரண்பாடுதான் குமட்டுகிறது. மலையேறும்போது குழந்தைகளை முன்பக்கம் உட்காரவைத்து, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். நான் மந்தாரை இலையில் வேகவைத்த நம்மூர் இட்லிதான் கொண்டு போயிருந்தேன். அதில் சுக்கும் மிளகும் இருக்கிறதே!

ஏலகிரி ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே. ஊட்டிக் குளிரை எதிர்பார்க்காதீர்கள், மே மாதப் பகலில் வெயில் உண்டு. சாயங்காலம்தான் சுகம். சனி, ஞாயிறில் சென்னை, பெங்களூர்க் கூட்டம் வரும். நடு வாரத்தில் போனால் அறை வாடகை பேரம் பேசலாம். ஜலகாம்பாறை அருவி மலையின் மறுபக்கம், திருப்பத்தூர் வழியாகப் போகவேண்டும். கோடையில் தண்ணீர் இருக்காது என்றார்கள், விட்டுவிட்டோம். மழைக்குப் பின் போகிறவர்கள் பார்க்கலாம்.

புங்கனூர் ஏரியில் அத்தை படகேற மறுத்தார். “நீங்க போங்க, நான் பாத்துக்கிட்டிருக்கேன்” என்று கரையில் பலாச்சுளை தின்றபடி உட்கார்ந்தவர், நாங்கள் ஒரு சுற்று முடித்து வந்ததும், “இப்ப நான் ஏறட்டா?” என்றார்!

மறுநாள் விடியற்காலை மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை ஏறினோம். (பட்டை வைத்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், ஹவாய் செருப்பு வழுக்குகிறது.) பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. இவர் நின்று நின்று, இடுப்பைப் பிடித்தபடி, உச்சி வரை போய்விட்டார். அங்கே நின்று பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தறிக்குழியில உட்கார்ந்தா எதிர்ச்சுவர்தான் தெரியும்” என்றார்.

திரும்பி வந்து புதுப் பாவு ஏற்றியாயிற்று. போன கூலி போனதுதான், அந்த மாதம் சீட்டுப் பணத்துக்குக் கொஞ்சம் திண்டாடினேன். இடுப்பு வலியும் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் இப்போது மணிக்கு ஒரு தடவை நாடாவை வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். “எங்கே?” என்றால், “ஏரி வரைக்கும்” என்று சொல்லிவிட்டுத் தெருக்கோடிவரை நடந்துவிட்டு வருகிறார்.