உறைபனியைத் தாங்குமா இந்தச் செங்கல்?

கழுத்துவரை நீர் நிரப்பி இறுக மூடிய கண்ணாடிப் புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் வைத்தால் அது வெடித்துவிடும் என்பதை அறிவீர்கள். உறையும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதே காரணம். அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் இதே நிகழ்ச்சி வீட்டுச் சுவர்களுக்குள் நடைபெறுகிறது. செங்கல்லின் நுண்துளைகளில் புகுந்த மழைநீர் இரவில் உறைகிறது, பகலில் உருகுகிறது, மீண்டும் உறைகிறது. தாங்காத கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். கட்டிய சுவரிலிருந்து கல்லைப் பெயர்த்து மாற்றுவது எளிதன்று. ஆகவே கட்டுமுன்பே சோதிக்கிறார்கள்.

எதைச் சோதிப்பது? நீரைக் குறைவாகக் குடிக்கும் கல்லே நல்ல கல் என்பீர்கள். அது முழு உண்மையன்று. புட்டியில் கால் பங்கை வெறுமையாக விட்டிருந்தால் அது உடைந்திருக்காது அல்லவா? கல்லுக்குள்ளும் பனிக்கட்டி விரிய இடம் எஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி.

இதை அறிய அமெரிக்கச் செந்தரத்தில் ஓர் எளிய வழி உண்டு. உலர்ந்த கல்லை எடையிட்டு, 24 மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து மீண்டும் எடையிடுகிறார்கள். எளிதில் நிரம்பும் துளைகள் நிரம்பிவிடும். மற்றவற்றில் காற்று சிறைப்பட்டிருக்கும். அடுத்து 5 மணி நேரம் நீரில் கொதிக்கவைத்தால் அந்தக் காற்று வெளியேறி, அதன் இடத்திலும் நீர் புகும். முதலில் ஏறிய நீரை, கொதித்தபின் ஏறியுள்ள மொத்த நீரால் வகுத்தால் கிடைப்பது தெவிட்டற் குணகம்.

2000 கிராம் எடையுள்ள இரு கற்களை எடுத்துக்கொள்வோம். முதற்கல் குளிர்நீரில் 225 கிராமும், கொதித்தபின் மொத்தம் 300 கிராமும் ஏற்கிறது, குணகம் 0.75. இரண்டாவது 180, 205 கிராம் ஏற்கிறது; குணகம் 0.88. கடுங்குளிர்ப் பகுதிக்கான கற்களின் சராசரி 0.78-ஐத் தாண்டலாகாது. குறைவாகக் குடித்த கல்லே இங்குத் தோற்கிறது!

100 பங்கு நீர் 109 பங்கு பனிக்கட்டியாவதால், 0.92 வரை அனுமதிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு சரிதான். ஆனால் கல்லின் எல்லாத் துளைகளும் ஒரே அளவில் நிரம்புவதில்லை. வெளிப்புறம் முதலில் உறைந்து, உள்ளிருக்கும் நீருக்குப் போக்கிடம் இல்லாமலும் செய்துவிடலாம்.

குணகத்தில் தோற்ற கல்லுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அரை அங்குல ஆழ நீரில் நிற்கவைத்து 20 மணி நேரம் உறையவிட்டு, 4 மணி நேரம் நீரில் மூழ்கவைத்து உருக்குவார்கள். இப்படி 50 முறை! கல் உடையாமலும் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் இழக்காமலும் இருந்தால் தேறியது. ஐரோப்பிய முறையிலோ கற்களைச் சிறு சுவராக அடுக்கி, ஒரு முகத்தை மட்டும் 100 முறை உறையவிடுகிறார்கள். உண்மைச் சுவரையும் குளிர் வெளிமுகத்திலிருந்தே தாக்குவதால், இதுவே இயற்கைக்கு நெருங்கிய சோதனை என்பது என் கருத்து.