நகையும் குற்றமும்: 'வீட்ஸ்' தொடரின் தாய்ப் பாத்திரம்

அமெரிக்காவின் ஷோடைம் அலைவரிசையில் 2005 முதல் 2012 வரை எட்டுப் பருவங்களாக ஒளிபரப்பான தொடர் 'வீட்ஸ்'. ஜென்ஜி கோஹன் இதனை உருவாக்கினார். களைகள் என்பது இத்தலைப்பின் நேர்ப்பொருள். கஞ்சாவைச் சுட்டும் பேச்சுவழக்கும் அதுவேயாகும். குற்றம் புரியும் தாய் ஒருத்தியைக் கண்டு பார்வையாளர் வெறுக்காமல் நகைப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

கலிபோர்னியாவில் அக்ரெஸ்டிக் என்னும் கற்பனைப் புறநகர். கணவன் மாரடைப்பால் இறந்தபின், இரு புதல்வர்களின் தாயான நான்சி பாட்வின் அண்டை வீட்டாருக்குக் கஞ்சா விற்கிறாள். வறுமை அவளை உந்தவில்லை. பெரிய வீடு, பணிப்பெண், மகிழுந்து ஆகியவற்றைத் துறக்க அவளுக்கு மனமில்லை, அவ்வளவே. தொடக்கப் பருவங்களின் முகப்புக் காட்சியில் ஒரே அச்சிலான வீடுகளும் மனிதர்களும் அணிவகுக்க, மால்வினா ரெனால்ட்ஸ் 1962இல் இயற்றிய பாடல் ஒலிக்கிறது. டேலி சிட்டி நகரின் குன்றுகளில் எழுந்த வீடுகளே அப்பாடலின் தூண்டுதல்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுவார். இத்தொடர் அவற்றைப் பங்கிட்டிருக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. எள்ளல் முழுவதும் அண்டை வீட்டாருக்கே உரியது. பெற்றோர் சங்கத்தில் அதிகாரம் செலுத்தும் சீலியாவும், நகர மன்ற உறுப்பினராக இருந்துகொண்டே நான்சியிடம் கஞ்சா வாங்கும் கணக்காளர் டக்கும் அதற்கு இலக்காகின்றனர். நான்சிக்கோ பேதைமை வாய்த்துள்ளது. தொழில் அறியாதவள், கணக்கு அறியாதவள் என்று காட்டப்படுவதால், அவள் செய்வது குற்றமாகத் தோன்றாமல் தடுமாற்றமாகவே தோன்றுகிறது. சிறுவர்க்கு விற்பதில்லை என்று அவள் தனக்கே விதித்துக்கொண்ட நெறியும் நம் பரிவைப் பெற்றுத் தருகிறது. ஆனால் அவளுக்குச் சரக்கு வழங்கும் ஹைலியா என்னும் கறுப்பினப் பெண்ணுக்குப் பேதைமை கட்டுப்படியாகாது. எடையிலும் விலையிலும் அவள் கண்டிப்பானவள். அறியாமையும் வசதி படைத்தோர்க்கே உரிய சலுகை என்பதைத் தொடர் இவ்விடத்தில் உரக்கச் சொல்லாமலே உணர்த்திவிடுகிறது. அதன் மிகச் சிறந்த பகுதி இதுவென்பது நம் கருத்து.

இளமை எஞ்சியுள்ளது. இளைய மகன் ஷேனின் வயதுக்கு மீறிய பேச்சு தொடக்கத்தில் சிரிப்பை விளைவிக்கிறது. ஓடிக்கொண்டிருந்த தந்தை தன் கண்முன்னே சரிந்து இறந்ததைக் கண்ட பிள்ளை அவன் என்பதை அச்சிரிப்பில் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மூத்தவன் சைலஸ் கஞ்சாச் செடி வளர்ப்பதில் தேர்ந்தவனாகிறான். தாயின் நெறி அங்கேயே தளர்ந்துவிட்டது. ஐந்தாம் பருவத்தின் இறுதியில் (2009), குடும்பத்தை மிரட்டும் பிலார் என்பவளை ஷேன் மட்டையால் அடித்துக் கொல்கிறான். அதன்பின் தாயின் பேதைமையைக் கண்டு முன்போல் சிரிக்க இயலவில்லை. பிற்பகுதி தொய்வுற்றது என்னும் குறையில் உண்மை உண்டெனினும், நகை வற்றியதை மட்டும் அக்குறையோடு சேர்ப்பது பொருந்தாது.

இறுதிப் பகுதி கஞ்சா சட்டப்படி விற்கப்படும் எதிர்காலத்தைக் காட்டுகிறது. (கலிபோர்னிய வாக்காளர்கள் 2016இல் அதற்கு ஒப்புதல் அளித்தது தனிக்கதை.) நான்சி அத்தொழிலில் செல்வம் ஈட்டிவிட்டாள். ஷேன் காவல்துறையில் பணிபுரிகிறான். குடிக்கு அடிமையாகிவிட்ட அவனை மறுவாழ்வு மையத்திற்குச் செல்லும்படி அவள் வேண்டுகிறாள்.