தட்டுக்கு வராத குருவிகள்

தஞ்சை மாவட்டத்தில், வயல் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் ஆசிரியனாக இருக்கிறேன். வீட்டுக் கொல்லையில் ஒரு மண்தட்டு வைத்து, நாள்தோறும் கைப்பிடியளவு நொய்யும் கம்பும் பறவைகளுக்கு இடுவது என் வழக்கம். அருகே அகன்ற சட்டியில் தண்ணீரும் உண்டு.

குளிர்காலத்தில்தான் பறவைகள் தீனித் தட்டை நாடித் திரளாக வரும் என்று ஆங்கில நூல்களில் படித்திருந்தேன். அதை நம்பி மார்கழியில் தட்டு வைத்தேன். வந்தவை இரண்டு காக்கைகளும் ஓர் அணிலுமே. தை பிறந்ததும், எப்போதாவது எட்டிப் பார்த்த சிட்டுக்குருவிகளும் மறைந்தன. "சிட்டுக்குருவி நம் ஊரை விட்டே போய்விட்டது" என்று வகுப்பில் கூறிவிட்டேன். மறுநாள் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எங்கள் களத்தில் கூட்டங்கூட்டமாக மேய்கின்றனவே!" என்றான். மாலையில் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது மெய்தான்.

என் பிழை எங்கே நேர்ந்தது? இங்கிலாந்தில் டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ 8 மணி நேரமே. பூச்சிகளும் அப்போது அரிது. நம் மலைகளில் வாழும் பட்டாணிக்குருவிக்கு உறவான நீலக்குருவி ஒன்று அங்கே உண்டு. எடை சுமார் 11 கிராம். 16 மணி நேர இரவின் குளிரைத் தாங்கும் கொழுப்பை அது அந்தச் சிறு பகலுக்குள் தேடிக்கொள்ள வேண்டும். அதற்குத் தட்டு உயிர் காக்கும் பொருள். நம் காவிரிப் படுகையிலோ, வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த பின் புல்லெல்லாம் விதை, செடியெல்லாம் புழு. தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை. வயலெங்கும் நெல் சிந்திக் கிடக்கையில் என் நொய்யை யார் மதிப்பார்?

அந்நாட்களில் தோட்டம் வெறுமையாகவும் இல்லை. வடக்கேயிருந்து வலசை வந்த ஆறுமணிக்குருவி, மாமரத்தடிச் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். அது தானியத்தைத் திரும்பியும் பாராது. தட்டை மட்டும் எண்ணுபவனுக்கு அது கணக்கிலேயே வராது. சிட்டுக்குருவியுங்கூட, தான் தானியம் தின்றாலும், குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் தேடிக் கொண்டு போகிறது.

சித்திரையில் காட்சி மாறுகிறது. வாய்க்கால் வறண்டுவிடும். பறவைக்கு வியர்வை இல்லை; அலகைத் திறந்து இரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது; அதனால் உடலின் நீர் குறைகிறது. மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி எல்லாம் தண்ணீர்ச் சட்டியைச் சூழ்ந்து சண்டையிடுகின்றன. கூட்டம் மிகுந்தால் சட்டியை நாள்தோறும் கழுவியாக வேண்டும். பிரிட்டனில் 2005 தொடங்கி, ஒரு நுண்ணுயிர் நோயால் பச்சைக்குருவிகள் பெருமளவில் மடிந்தன. எச்சில்பட்ட தீனியும் நீரும் அந்நோயைப் பரப்பக்கூடியவை.

என் கூற்றை வகுப்பில் திருத்திக்கொண்டேன். இப்போது மாணவர்கள் களத்திலும் நான் கொல்லையிலுமாக எண்ணி, ஒரே குறிப்பேட்டில் எழுதுகிறோம். கோடையில் நொய்யைக் குறைத்து, சட்டியை இரண்டாக்கிவிட்டேன். ஒன்றைக் காக்கை ஓயாமல் கவிழ்ப்பதால் அதனுள் ஒரு கருங்கல்லை வைத்திருக்கிறேன். சிறு குருவிகள் அதன்மீது அமர்ந்து நீர் அருந்துகின்றன.