காய்க்குச் சேதமில்லை, தோளுக்குச் சுமையில்லை: கிடங்குக்கு ஏற்ற பேட்டரி ஃபோர்க்லிஃப்ட்

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் முருங்கை, கத்தரி, வெண்டை, தக்காளியில் பெரும்பகுதி கேரளாவுக்குப் போகிறது. தோட்டத்தில் பறித்த காய் அங்குள்ள கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். வயலில் வேனில் ஏற்றுகிறோம். மண்டியில் இறக்குகிறார்கள். ஏலம் முடிந்ததும் லாரியில் ஏற்றுகிறார்கள். கேரள மண்டியில் இறக்கி, சிறு வண்டியில் ஏற்றி, கடை வாசலில் மறுபடி இறக்குகிறார்கள். குறைந்தது ஆறு முறை. ஒவ்வொரு முறையும் தோளில் இருந்து மூட்டை தரையில் விழுகிறது.

தக்காளியில் அடி உடனே தெரியும். வெங்காயத்தில் தெரியாது. சில நாள் கழித்து அடிபட்ட இடம் அழுகி, பட்டறையில் பக்கத்தில் கிடக்கும் நல்ல வெங்காயத்தையும் கெடுக்கும். விளைச்சலுக்குச் செய்த செலவு மாறாது. எடையில் குறைவது முழுவதும் நம் நஷ்டம்.

பெரிய கம்பெனி கிடங்குகளில் இந்த வேலையை ஃபோர்க்லிஃப்ட் வண்டி செய்கிறது. முன்னால் நீண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களை பேலட் எனப்படும் பலகைத் தட்டின் அடியில் நுழைத்து, சரக்கை அப்படியே தூக்கும். கிடங்கு, சிப்பம் கட்டும் கூடம், குளிர்பதன அறை கட்ட நினைக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இது பயன்படுமா?

டீசல் புகையும் காய்கறியும்

டீசல் ஃபோர்க்லிஃப்ட் மூடிய கிடங்குக்கு ஆகாது. அதன் புகை வேலை செய்பவர்களின் மூச்சைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் புகையில் எத்திலீன் வாயுவும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வாழைத்தாரைப் பழுக்க வைக்கப் பயன்படுத்தும் அதே வாயுதான். மூடிய அறையில் மிகச் சிறிய அளவு சேர்ந்தாலும் வெள்ளரியும் கீரையும் மஞ்சளாகும், பாகற்காய் பழுக்கத் தொடங்கும், கத்தரியின் காம்பு வாடி உதிரும், கேரட் கசக்கும். காய்கறி வைக்கும் இடத்துக்குப் பேட்டரி வண்டிதான் சரி.

பேட்டரியில் வந்த மாற்றம்

பழைய பேட்டரி வண்டிகளில் இருப்பது ஈய அமில பேட்டரி. சார்ஜ் ஏற ஏறத்தாழ 8 மணி நேரம். அதன் பிறகு சூடு தணியவும் நேரம் விட வேண்டும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமான தனி இடம் தேவை.

லித்தியம் பேட்டரிக்கு நீர் ஊற்றும் வேலை இல்லை. வேகமான சார்ஜர் இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். சாப்பாட்டு நேரத்திலும் டீ இடைவேளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம். ஆயுளும் அதிகம், விலையும் அதிகம். தினமும் இரண்டு மூன்று மணி நேரமே வேலை இருக்கும் கிடங்குக்கு ஈய அமில பேட்டரியே போதும். சீசனில் இரவு பகலாக லாரி நிற்கும் இடத்தில்தான் லித்தியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் திரும்ப வரும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டியில் கனமான ஈய பேட்டரிதான் பின்பக்கப் பாரமாகவும் வேலை செய்கிறது. அதைக் கழற்றிவிட்டு எடை குறைந்த லித்தியம் பேட்டரியை வைத்தால், சுமை தூக்கும்போது வண்டி முன்பக்கம் கவிழும். குறைந்த எடைக்கு ஈடாகப் பாரம் வைத்து, வண்டியைத் தயாரித்த கம்பெனியின் ஒப்புதலோடுதான் மாற்ற வேண்டும்.

கவிழாமல் காக்கும் கருவிகள்

1.5 டன் வண்டி என்றால் எந்தச் சுமையிலும் 1.5 டன் தூக்கும் என்று பொருள் இல்லை. சுமையின் மையம் இரும்புக் கரத்தின் அடிப்பகுதியில் இருந்து வழக்கமாக 50 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். சுமை முன்னால் நீள நீள, உயரம் கூடக் கூட, தூக்கும் திறன் குறையும். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் இந்தக் கணக்கு இருக்கும்.

புதிய வண்டிகள் சிலவற்றில் எடையைக் காட்டும் திரை, அளவு மீறினால் ஒலிக்கும் எச்சரிக்கை, திருப்பத்தில் தானாக வேகம் குறையும் வசதி, உயரத்தில் கரம் நுழையும் இடத்தைக் காட்டும் கேமரா, வண்டி வருவதைத் தரையில் நீல வெளிச்சமாகக் காட்டும் விளக்கு ஆகியவை வந்துள்ளன. இவை இருந்தாலும் சீட் பெல்ட் கட்டாயம். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் வெளியே குதிக்கக் கூடாது. உள்ளேயே பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். குதிப்பவர் மீதுதான் வண்டி விழுகிறது.

முதலில் டிரே, கடைசியில் வண்டி

சாக்கு மூட்டையை ஃபோர்க்லிஃப்டில் தூக்கினால் பாதிப் பயன்தான். அடியில் இருக்கும் காய் எப்படியும் நசுங்கும். எனவே முதல் செலவு பிளாஸ்டிக் டிரேக்கு. 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் உள்ள டிரேக்கள், 120க்கு 100 செ.மீ. பேலட்டில் ஒரு அடுக்குக்கு 5 நிற்கும். டிரேக்கு 20 கிலோ வீதம் 5 அடுக்கு வைத்தால் 25 டிரே, 500 கிலோ. ஆள் சுமந்தால் 25 நடை. பேலட்டோடு நகர்த்தினால் ஒரே நடை.

இந்த ஒரு நடைக்கு ஃபோர்க்லிஃப்ட் கூடத் தேவையில்லை. கையால் இழுக்கும் பேலட் டிரக் போதும். சாதாரணமாக 2 முதல் 2.5 டன் வரை தாங்கும். பேட்டரியும் வேண்டாம், டீசலும் வேண்டாம். புதிதாகக் கிடங்கு கட்டுவோர், தரை மட்டத்தை லாரியின் தட்டு உயரத்துக்கு உயர்த்திக் கட்டினால், நடுவில் ஒரு இரும்புப் பலகையைப் போட்டு நேராக லாரிக்குள் தள்ளிவிடலாம். தரை மட்டும் மேடு பள்ளம் இல்லாத நல்ல கான்கிரீட்டாக இருக்க வேண்டும்.

டிரேக்களை இரண்டு மூன்று தட்டு உயரத்துக்கு அடுக்கும் நிலை வந்தால் பேட்டரி ஸ்டாக்கர் வாங்கலாம். குறுகிய இடத்திலும் திரும்பும். உயரமான ரேக்குகள் உள்ள பெரிய குளிர்பதனக் கிடங்கும், நாள் முழுக்க வேலையும் இருந்தால்தான் பல லட்சம் ரூபாய் ஃபோர்க்லிஃப்டுக்குக் கட்டுப்படியாகும். சீசனுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதையும் விசாரிக்கலாம்.

சுமைப்பணி தொழிலாளர்கள் நிலை

மெஷின் வந்தால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று சுமைதூக்கும் தொழிலாளர்கள் கேட்பது நியாயம். ஒருவர் தூக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967ல் பரிந்துரைத்தது. அதற்கு மேற்பட்ட மூட்டைகளையும் சுமந்து, நடுத்தர வயதிலேயே முதுகும் முழங்காலும் தேய்ந்து போகிறவர்கள் பலர்.

சிறு சிறு குவியலாகப் பல விவசாயிகளின் காய் வந்து இறங்கும் கமிஷன் மண்டியில் ஃபோர்க்லிஃப்ட் நுழையவே முடியாது. அங்கே ஆள் வேலை தொடரும். உற்பத்தியாளர் நிறுவனத்தின் கிடங்கில் வண்டி வாங்கினால், அங்கே ஏற்கனவே சுமை தூக்கியவருக்கே பயிற்சி கொடுத்து ஓட்ட வைக்கலாம். சரக்கின் தன்மை தெரிந்தவர் அவர். மூட்டைக் கூலியை டிரே கூலியாக மாற்றும்போது வருமானம் குறையாதபடி முன்கூட்டியே பேசி முடிவு செய்வது இரு தரப்புக்கும் நல்லது.

கடன் வசதி

ஒன்றிய அரசு 2020ல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் கிடங்கு, சிப்பம் கட்டும் கூடம், தரம் பிரிக்கும் கூடம், குளிர்பதன வசதி ஆகியவற்றுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கு உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் விண்ணப்பிக்கலாம். கட்டடத்துக்கான திட்ட அறிக்கை தயாரிக்கும்போதே டிரே, பேலட், கையாளும் வண்டி ஆகியவற்றையும் சேர்த்து, எவற்றுக்குச் சலுகை கிடைக்கும் என்று வங்கியிடமும் வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத்துறை அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடித்த பிறகு தரையை உயர்த்துவதும் கதவை அகலப்படுத்துவதும் இரட்டைச் செலவு.